பிள்ளைக்கு எத்தனை மில்லி?

ஆடிச் சாரல் பிடித்துவிட்டால் நாகர்கோவிலிலிருந்து களியக்காவிளை வரை மருந்துக்கடைகளில் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "பிள்ளைக்குக் காய்ச்சலு, எத்தன மில்லி குடுக்கணும்?" கடைக்காரர் பதிலுக்குக் கேட்பது, "வயசு எத்தன?" கேள்வி, பதில் இரண்டிலுமே கோளாறு இருக்கிறது. அளவைத் தீர்மானிப்பது பிள்ளையின் எடை. அந்த அளவைச் சொல்ல வேண்டியது மில்லிகிராமில். மருந்து எவ்வளவு நீரில் கலந்திருக்கிறது என்பதைப் பொறுத்து மில்லி மாறிக்கொண்டே இருக்கும்.

பாராசிட்டமாலையே எடுத்துக்கொள்வோம். பிள்ளை இருக்கிற வீட்டில் அது இல்லாமல் இருக்காது. ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். இரண்டு வேளைக்கு நடுவில் நான்கு முதல் ஆறு மணி நேரம் இடைவெளி. 24 மணி நேரத்தில் நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். அதாவது நாள் முழுவதற்கும் கிலோவுக்கு 60 மில்லிகிராம் என்று எல்லை வைத்துக்கொள்ளலாம். 10 கிலோ உள்ள ஒரு வயதுப் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 100 முதல் 150 மில்லிகிராம்.

இதுவரை குழப்பமில்லை. கடை அலமாரியில்தான் குழப்பம். அங்கே இந்த ஒரே மருந்து மூன்று செறிவில் நிற்கிறது. 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள சாதா சிரப் (சில கம்பெனிகளில் 120), 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள கூடுதல் செறிவு சிரப், ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் அடங்கிய சொட்டு மருந்து. 150 மில்லிகிராம் கொடுக்க முதலாவதில் 6 மில்லி வேண்டும், இரண்டாவதில் 3 மில்லி, மூன்றாவதில் ஒன்றரை மில்லி போதும்.

சாதா சிரப் தீர்ந்துபோய், கடையில் சொட்டு மருந்துதான் கிடைத்தது, வீட்டில் பழகிய 6 மில்லியையே ஊற்றிவிட்டார்கள் என்று வையுங்கள். ஒரே மடக்கில் 600 மில்லிகிராம், நாள் முழுவதற்குமான எல்லை, உள்ளே போய்விட்டது. அதே போல இன்னும் இரண்டு வேளை போனால் ஈரலுக்கு ஆபத்து. இதே தவறு எதிர்ப்பக்கமாகவும் நடக்கும். சொட்டு மருந்துக்குச் சொன்ன ஒன்றரை மில்லியைச் சாதா சிரப்பில் அளந்தால் கிடைப்பது 37.5 மில்லிகிராம். காய்ச்சல் அசையாது. "இந்த மருந்து பிள்ளைக்குக் கேக்கல" என்று அடுத்த பாட்டிலைத் தேடிப் போவார்கள்.

சின்னக் குப்பி பார்க்கச் சாதுவாக இருக்கும். 15 மில்லி சொட்டு மருந்துக் குப்பியிலும் 60 மில்லி சாதா சிரப் பாட்டிலிலும் இருப்பது அதே 1,500 மில்லிகிராம். 10 கிலோ பிள்ளை அந்தக் குப்பியைத் திறந்து முழுதும் குடித்துவிட்டால் கிலோவுக்கு 150 மில்லிகிராம். ஈரல் கெடக்கூடும் என்று மருத்துவர்கள் உஷாராகிற கணக்கு அது. கைக்குழந்தைக்கான மருந்து ஏன் இத்தனை செறிவாக இருக்க வேண்டும்? கைக்குழந்தை 6 மில்லியை விழுங்காது, பாதியைத் துப்பும். கொஞ்சத்திலேயே காரியம் முடிய வேண்டும் என்றுதான் அப்படிச் செய்கிறார்கள். குப்பியின் மேல் குழந்தைப் படம் இருப்பதால் மருந்து லேசானது என்று எண்ணுவது பொதுவான ஏமாற்றம்.

நம் குமரி மாவட்டத்துக்கென்று கூடுதலாக இரண்டு வழியில் இந்தச் சிக்கல் வருகிறது. வளைகுடாவிலிருந்து விடுப்பில் வருகிறவர்களின் பெட்டியில் தைலத்தோடும் மிட்டாயோடும் பிள்ளைக்கான காய்ச்சல் சிரப்பும் வரும். நாட்டுக்கு நாடு செறிவு வேறு. அமெரிக்கச் சந்தையில் வழக்கமானது 5 மில்லிக்கு 160 மில்லிகிராம். நம்மூர் டாக்டர் எழுதிய மில்லியை அந்தப் பாட்டிலில் அளக்கக் கூடாது. இரண்டாவது, விளவங்கோடு பக்கத்துக்காரர்கள் பிள்ளையைத் திருவனந்தபுரத்தில் காட்டி, மருந்தையும் அங்கேயே வாங்கிவந்து, தீர்ந்த பிறகு மார்த்தாண்டத்தில் "இதுமாதிரி ஒண்ணு" என்று கேட்பது. வேறு கம்பெனி மருந்து தருவதில் தப்பில்லை. மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ குறைந்த விலையில் வாங்கினாலும் தப்பில்லை. லேபிளில் உள்ள மில்லிகிராம் எண் பழைய பாட்டிலோடு ஒத்துப்போக வேண்டும், அவ்வளவுதான். போகும்போது காலிப் பாட்டிலைக் கையில் கொண்டுபோவது நல்லது.

இனி, பிள்ளைக்கு மருந்து ஏன் குறைவு என்பதற்கு வருவோம். உடம்பு சிறிது, அதனால் மருந்தும் சிறிது என்பது பாதி உண்மை. மீதிப் பாதி உடம்பின் உள்ளே நடக்கும் வேலையில் இருக்கிறது.

உள்ளே போன மருந்தை உடைத்து வெளியேற்றுகிற பொறுப்பு பெரும்பாலும் ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும். பிறந்த குழந்தையிடம் இரண்டும் இருக்கும், ஆனால் வேலை பழகியிருக்காது. ஈரலில் மருந்தை உடைக்கிற நொதிகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு காலத்தில் முதிர்ச்சி அடைகின்றன. சில பிறந்த சில வாரத்தில், சில ஒரு வயது ஆகும்போது. காஃபீனை வைத்துப் பார்த்தால் எளிதாக விளங்கும். பெரியவர் குடிக்கிற கட்டங்காப்பியில் உள்ள காஃபீன் ஏறத்தாழ 5 மணி நேரத்தில் உடம்பில் பாதியாகிவிடும். பிறந்த குழந்தையின் உடம்பில் அது பாதியாக மூன்று நான்கு நாளாகும். குறைமாதக் குழந்தை மூச்சை நிறுத்தி நிறுத்தி விடும்போது தீவிர சிகிச்சைப் பிரிவில் காஃபீன் மருந்தாகக் கொடுப்பது உண்டு. அதை ஒரு நாளைக்கு ஒரே வேளை கொடுத்தால் போதுமாக இருப்பது இதனால்தான்.

இது தெரியாமல் கொடுத்த விலை பெரிது. குளோராம்பெனிகால் என்ற ஆன்டிபயாட்டிக்கை 1950-களில் பிறந்த குழந்தைகளுக்கு எடைக்கணக்குப் போட்டுத்தான் கொடுத்தார்கள். குழந்தைகள் வயிறு உப்பி, ரத்த அழுத்தம் விழுந்து, தோல் சாம்பல் நிறமாகி இறந்தன. காரணம் 1959-இல் வெளிவந்தது. அந்த மருந்தைச் சர்க்கரை மூலக்கூறோடு சேர்த்துச் சிறுநீரில் தள்ளுகிற நொதி அவற்றின் ஈரலில் போதிய அளவு சுரக்கவில்லை. மருந்து நாளுக்கு நாள் ரத்தத்தில் தேங்கிவிட்டது. 'சாம்பல் குழந்தை நோய்க்குறி' என்று இன்றும் பாடத்தில் இருக்கிறது.

சிறுநீரகக் கதையும் அப்படியே. பிறந்த குழந்தையின் சிறுநீரகம் வடிகட்டும் திறன், உடல் பரப்புக்கு ஒப்பிட்டால்கூட, பெரியவரைவிட மிகக் குறைவு. அது பெரியவர் அளவை எட்ட ஒரு வயது ஆகிவிடும். ஜென்டாமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக் ஊசியில் இது நன்றாகத் தெரியும். பிறந்த குழந்தைக்குக் கிலோவுக்கான அளவு ஒன்றும் அற்பமில்லை. உடம்பில் முக்கால் பங்கு தண்ணீர் என்பதால் (பெரியவருக்கு 60 சதவீதம்) நீரில் கரையும் மருந்து அகலமாகப் பரவிவிடும், அதை நிரப்பவே நல்ல அளவு வேண்டும். இரண்டு ஊசிக்கு இடையே விடுகிற நேரத்தைத்தான் 24 மணி, 36 மணி, சில குழந்தைக்கு 48 மணி என்று நீட்டுகிறார்கள். மருந்தைக் குறைப்பது என்றால் அளவைக் குறைப்பது மட்டுமே இல்லை. இடைவெளியைக் கூட்டுவதும் அதில் ஒரு வழி.

இப்போது எதிர்த்திசை. ஒரு வயதைத் தாண்டிய பிள்ளையின் ஈரல் உடல் எடைக்கு ஒப்பிட்டால் பெரியவருடையதைவிடப் பெரிது, நொதிகளும் சுறுசுறுப்பு. பல மருந்துகளை அது பெரியவரைவிட வேகமாகத் தீர்த்துவிடும். அதனால் மொத்த அளவு குறைவாக இருந்தாலும் கிலோவுக்குக் கணக்குப் பார்த்தால் பிள்ளைக்கே அதிகம் தேவைப்படுவது உண்டு. வலிப்புக்கான கார்பமாஸெபின், மூச்சிரைப்புக்குக் கொடுத்து வந்த தியோஃபிலின் இரண்டும் இந்த வகை. அமாக்சிசிலினைப் பாருங்கள். 60 கிலோ பெரியவர் 500 மில்லிகிராம் வீதம் மூன்று வேளை சாப்பிட்டால் கிலோவுக்கு 25 மில்லிகிராம். காதுச் சீழுக்கோ நிமோனியாவுக்கோ பிள்ளைக்கு எழுதுவது ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 80, 90 மில்லிகிராம் வரைகூடப் போகும். "இத்தனூண்டு பிள்ளைக்கு இத்தனையா?" என்று வீட்டில் பாதியாகக் குறைத்துக் கொடுத்தால் கிருமி சாகாது.

எடைக்கணக்கு வழக்கத்துக்கு வருமுன் 'யங் விதி' என்று ஒன்று இருந்தது. வயதை, வயதோடு 12 கூட்டியதால் வகுத்துப் பெரியவர் அளவால் பெருக்க வேண்டும். நான்கு வயதுக்கு 4-ஐ 16-ஆல் வகுத்தால் கால் பங்கு, 500 மில்லிகிராம் பாராசிட்டமாலுக்கு 125. அதே பிள்ளை 16 கிலோ இருந்தால் எடைப்படி 160 முதல் 240. பழைய விதி குறைத்துவிட்டது. பிறந்த அன்று அதே விதியைப் போட்டால் விடை சுழியம்! "சின்னப் பிள்ளைதான, பாதி மாத்திரை போதும்" என்று நாம் சொல்வதும் இதே வகைக் கணக்குதான், அதைவிட மோசமாக. மூன்று வயது 10 கிலோவிலும் இருக்கும், 16 கிலோவிலும் இருக்கும்.

எடை தெரியாவிட்டால் அங்கன்வாடியில் எடுத்துச் சொல்வார்கள். வீட்டில் நின்று பார்க்கும் மெஷின் இருந்தால் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒருமுறை, இறக்கிவிட்டு ஒருமுறை ஏறி நின்று கழிக்க வேண்டியதுதான். அதுவும் இல்லாத அவசரத்துக்கு ஒன்று முதல் ஆறு வயது வரை வயதை இரண்டால் பெருக்கி எட்டைக் கூட்டினால் ஏறத்தாழ வரும், ஆனால் மெலிந்த பிள்ளைக்கு அது கூடுதலாகக் காட்டும். குண்டான பிள்ளைக்கு எடையால் பெருக்கிக்கொண்டே போகவும் கூடாது. கணக்கு பெரியவர் அளவைத் தாண்டினால் பெரியவர் அளவோடு நிறுத்திவிட வேண்டும்.

எல்லா மருந்தும் பிள்ளைக்குக் குறையும் என்றில்லை. இந்த விதிவிலக்குகளைப் பார்த்தால்தான் விதியே நன்றாகப் புரிகிறது. ரப்பர் விளையில் பாம்பு கடித்து விஷம் ஏறிய அடையாளம் தெரிந்தால் எதிர்விஷ மருந்து பெரியவருக்கு 10 குப்பி ஏற்றுகிற இடத்தில் பிள்ளைக்கும் 10 குப்பிதான். கடிக்கிற பாம்பு ஆள் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை. மருந்து முறிக்க வேண்டியது விஷத்தை, அதனால் கணக்கும் விஷத்துக்குத்தான். மருந்தைக் கலக்கும் குளுக்கோஸ் அல்லது உப்பு நீரின் அளவை மட்டும் எடைக்கேற்பக் குறைப்பார்கள். நாய்க்கடித் தடுப்பூசியும் வயது பார்ப்பதில்லை. ஆனால் ஆழமான கடிக்குக் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் எடைக்கணக்கு. பள்ளியில் கொடுக்கும் குடற்புழு மாத்திரை அல்பெண்டசோல் ஒன்று முதல் இரண்டு வயது வரை 200 மில்லிகிராம், அதற்கு மேல் 400, பெரியவருக்கும் அதே 400. அது ரத்தத்தில் அதிகம் ஏறாமல் குடலுக்குள் நின்றே வேலை செய்வதால் உடம்பின் எடை அவ்வளவாகக் குறுக்கே வருவதில்லை.

வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசல்தான் வீட்டில் அதிகம் பிழைபடுவது. பெரிய பொட்டலம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு, சிறியது 200 மில்லிக்கு. பிள்ளைக்கென்று பெரிய பொட்டலத்தில் பாதியை ஒரு டம்ளரில் கரைத்தால் அது இரண்டு மடங்குக்கும் மேல் உப்பாகி, சோடியம் ஏறி, பிள்ளையைச் சோர்வோ வலிப்போ தாக்கும். கரைசலின் செறிவு எல்லா வயதுக்கும் ஒன்று. குடிக்கும் அளவுதான் வயதுக்கு மாறும். ஒவ்வொரு முறை தண்ணீராகப் போன பிறகும் இரண்டு வயதுக்குள் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் பத்து வயது வரை 100 முதல் 200 மில்லி, மெதுவாகக் கரண்டியால்.

அளக்கிற சங்கதிக்கு வருவோம். அடுக்களை ஸ்பூன் எதுவும் 5 மில்லி என்று சத்தியம் செய்யாது. 3 மில்லி பிடிப்பதும் உண்டு, 7 மில்லி பிடிப்பதும் உண்டு. பாட்டிலோடு வரும் மூடி 5 மில்லிக்கு மேல் சரி, 2 மில்லிக்கு அதை நம்ப முடியாது. ஊசி இல்லாத 5 மில்லி சிரிஞ்சு ஒன்றை மருந்துக்கடையில் சில ரூபாய்க்கு வாங்கிவிடலாம். உள்ளே இருக்கும் கறுப்பு ரப்பரின் மேல் விளிம்பு கோட்டைத் தொடும் இடத்தைப் படிக்க வேண்டும், காற்றுக் குமிழைத் தட்டி வெளியேற்றிய பிறகு. பிள்ளையைச் சாய்வாக உட்கார்த்தி, கன்னத்தின் உள்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். மல்லாக்கப் படுக்கவைத்து மூக்கைப் பிடித்துத் தொண்டைக்கு நேரே ஊற்றினால் புரை ஏறி நுரையீரலுக்குப் போகும். விழுங்கிய உடனே அப்படியே வாந்தி எடுத்தால் ஒருமுறை திரும்பக் கொடுக்கலாம். அரை மணி நேரம் கழிந்துவிட்டால் அடுத்த வேளை வரை பொறுக்க வேண்டும்.

ஆன்டிபயாட்டிக் பொடியாக வரும் பாட்டிலில் கலக்கும்போதே அளவு கெட்டுவிடுகிறது. பொடியைத் தட்டி உதிர்த்து, ஆறிய வெந்நீரைக் கோட்டுக்குக் கீழே பாதி வரை ஊற்றி நன்றாகக் குலுக்கி, நுரை அடங்கிய பிறகு கோடு வரை நிரப்பி மறுபடி குலுக்க வேண்டும். முதலிலேயே கோடு வரை ஊற்றினால் பொடி கரைந்து மட்டம் இறங்கிவிடும், மருந்து செறிவாகிவிடும். நுரையைத் தண்ணீர் என்று எண்ணி நிறுத்தினாலும் அதே கதி. ஒவ்வொரு வேளையும் குலுக்காமல் ஊற்றினால் முதல் நாள் வெறும் தண்ணீரும் கடைசி நாள் இரட்டிப்பு மருந்தும் போகும். கலந்தபின் ஒரு வாரத்துக்கு மேல் வைக்கக் கூடாதவையே அதிகம். அடுத்த தடுமனுக்கு ஆகும் என்று ஃபிரிட்ஜில் எடுத்துவைப்பது வீண் சிக்கனம்.

கண்ணுக்குத் தெரியாத இரட்டை அளவு கூட்டு மருந்தில் ஒளிந்திருக்கிறது. காய்ச்சல் சிரப் ஒன்று, சளி சிரப் ஒன்று என்று இரண்டு பாட்டில். சளி சிரப்பின் பின்பக்கம் பொடி எழுத்தில் பாராசிட்டமால் இருக்கும். ஐபுப்ரோஃபென், மெஃபனாமிக் அமிலம் என்ற வேறு காய்ச்சல் மருந்துகளோடு சேர்ந்தும் அது வரும். இந்த இரண்டும் டெங்கு சந்தேகம் உள்ள காய்ச்சலில் ரத்தக்கசிவைத் தூண்டக்கூடியவை. மழைக்காலக் காய்ச்சல் எதுவென்று தெளியும் வரை தனிப் பாராசிட்டமாலோடு நிற்பதே புத்தி.

பெரியவர் மாத்திரையை உடைப்பது அடுத்த வழக்கம். நடுவில் கோடு உள்ளதை இரண்டாக்கலாம், நான்காக்கினால் துண்டுக்குத் துண்டு அளவு மாறும். மெல்ல மெல்லக் கரையும்படி செய்த மாத்திரையைப் பொடித்தால் 12 மணி நேரத்துக்கான மருந்து மொத்தமாக அவிழ்ந்துவிடும். இதைவிட முக்கியம், அளவைக் குறைத்தாலும் பிள்ளைக்கு ஆகாத மருந்துகள் உண்டு என்பது. வைரஸ் காய்ச்சலில் ஆஸ்பிரின் கொடுத்தால் ஈரலையும் மூளையையும் தாக்கும் ரே நோய்க்குறி வரலாம். நிமெசுலைடு 12 வயதுக்குள் கூடாது என்று 2011-இல் இந்தியாவில் தடை வந்தது. சளிக்குக் கொடுக்கும் குளோர்பெனிரமின், ஃபெனைலெஃப்ரின் கூட்டை நான்கு வயதுக்குள் கொடுக்க வேண்டாம் என்று 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை உத்தரவிட்டது. இருமல், சளி மருந்து இரண்டு வயதுக்குள் கூடாது, ஐந்து வயது வரை பொதுவாகத் தேவையில்லை என்று 2025 அக்டோபரில் மத்திய சுகாதாரத் துறையும் சொன்னது. அந்த ஆண்டு மத்தியப் பிரதேசத்தில் பிள்ளைகள் இறந்தது சிரப்பில் டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு கலந்திருந்ததால். அளவுப் பிழைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

தோல் வழியாகவும் மருந்து போகும் என்பதை மறந்துவிடுகிறோம். கைக்குழந்தைக்கு எடைக்கு ஒப்பிட்டால் பெரியவரைப்போல இரண்டரை மடங்கு தோல் பரப்பு, அதுவும் மெல்லியது. தேங்காய் எண்ணெயில் சூடத்தைக் காய்ச்சி நெஞ்சில் தேய்ப்பது நம்மூரில் சாதாரணம். பெரியவருக்கு அது வெறும் வாசனை. பச்சைப்பிள்ளைக்கு உடம்பில் ஏறினால் வலிப்பு வரும். சூடக்கட்டியை வாயில் போட்டுக்கொண்டாலோ இன்னும் வேகமாக. தைலத்தை மூக்கில் தடவுவதும் இரண்டு வயதுக்குள் வேண்டாம்.

நம் பாட்டிமார் அளவு தெரியாதவர்கள் இல்லை. உரைமருந்தை உரைகல்லில் வசம்புக்கு இத்தனை உரை, ஜாதிக்காய்க்கு இத்தனை உரை என்று பிள்ளையின் மாதம் பார்த்து எண்ணித்தான் இழைத்தார்கள். ஜாதிக்காய் கூடினால் பிள்ளை மயங்கித் தூங்கும் என்று அவர்களுக்குத் தெரியும். அதைத் தேனில் குழைப்பது மட்டும் ஒரு வயதுக்குள் ஆகாது. தேனில் இருக்கக்கூடிய கிருமி வித்து கைக்குழந்தையின் குடலில் முளைத்து நரம்பை முடக்கும் நஞ்சை உண்டாக்கும்.

பிள்ளையின் மருந்தை மட்டும் பூட்டிவைத்தால் போதாது. தாத்தாவின் சர்க்கரை மாத்திரையில் கிளிமிபிரைடு போன்றது ஒன்றே ஒன்று போதும், தவழ்கிற பிள்ளையின் ரத்தச் சர்க்கரை பல மணி நேரம் விழுந்து கிடக்க. கர்ப்பிணிக்குக் கொடுக்கும் சிவப்பு இரும்புச்சத்து மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு. மிட்டாய் என்று நினைத்துப் பத்தை விழுங்கினால் 10 கிலோ பிள்ளைக்குக் கிலோவுக்கு 60 மில்லிகிராம், உயிருக்கு ஆபத்தான அளவு.

கூடுதலாகப் போய்விட்டது என்று தெரிந்தால் உப்புத் தண்ணீர் கொடுத்தோ விரலை விட்டோ வாந்தி எடுக்கவைக்க வேண்டாம். பாராசிட்டமால் என்றால் முதல் நாள் பிள்ளை நன்றாகவே விளையாடும், ஈரல் கெடுவது பிறகுதான் தெரியும். மாற்று மருந்தான அசிட்டைல்சிஸ்டீன் எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். விளையாடுகிறதே என்று மறுநாள் வரை பார்த்திருந்தால் அந்த எட்டு மணி நேரம் போய்விடும். 108-ஐக் கூப்பிட்டு ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பக்கத்திலுள்ள அரசு மருத்துவமனைக்கோ போகும்போது அந்தப் பாட்டில் கையில் இருக்கட்டும். டாக்டர் முதலில் கேட்பது மூன்று: எத்தனை மணிக்கு, பாட்டிலில் எவ்வளவு குறைந்திருக்கிறது, பிள்ளை எத்தனை கிலோ.